அமீனா இல்லாத நாற்காலி

உடன்குடிக் கடைவீதியில் ஒரு பேச்சு நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. கருப்பட்டி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேநீர்க் கிளாசைக் கையில் வாங்கியதும் தொடங்கிவிடுகிறார்கள். "கட்சிக்காரனுக்குப் பதவி கொடுத்துப் பார்த்தாயிற்று. படித்தவர், பண்புள்ளவர், கறைபடாத கைக்காரர், நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் நேராகிவிடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். நாலு பேர் தலையாட்டுகிறார்கள்.

கேட்பவர் கெட்டவரல்லர், நொந்தவர். நொந்தவரை நாம் நையாண்டி செய்யமாட்டோம். அவருடைய கேள்விக்கு மேடையில் நின்று இரண்டு அடுக்குமொழியை வீசிவிட்டுப் போவதும் முறையல்ல. அவர் கேட்பது ஏட்டுச் சுரைக்காயாக இருந்தால் அப்படிப் போய்விடலாம். ஆனால் தமிழர் நடுவில், நம் காலத்தில், நம் கடலுக்கு அக்கரையில், அவர் கேட்டதைக் கேட்டபடியே செய்து பார்த்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரை அழைத்துவந்து, மாலை சூட்டி, மக்கள் வாக்கை மலைபோல் குவித்து, முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஐந்தாண்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது? அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அக்கரை என்றால் ஏதோ அயல்நாடு என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! மணப்பாட்டு மணல்மேட்டில் நின்றால் நமக்கு முன்னால் விரிவது மன்னார் வளைகுடா. பெயரே அக்கரைப் பெயர். இக்கரையில் தூத்துக்குடியும் அக்கரையில் மன்னாரும் ஒரே கடலில் முத்துக் குளித்தன. நம் பக்கத்துச் சலாபம் 1961-ஓடு நின்றுபோயிற்று. நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் கணக்கெழுதிய காலம் உண்டு. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட பிறகு அந்த வழியும் அடைபட்டது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதே ஆண்டில் அதுவும் நின்றது. நாம் கருப்பட்டி என்பதை யாழ்ப்பாணத்தான் பனங்கட்டி என்கிறான். பதநீரைக் கருப்பநீர் என்கிறான். மரம் ஒன்று, ஏறுகிற கால் ஒன்று, இனிப்பும் ஒன்று.

அந்த யாழ்ப்பாணத்தின் கதைதான் இது. நீதிபதியின் பெயர் சி.வி. விக்னேஸ்வரன்.

1939 அக்டோபரில் கொழும்புப் புதுக்கடையில் பிறந்தவர். கொழும்பின் நீதிமன்றங்கள் நிற்கிற இடமே புதுக்கடைதான். பிறந்த தொட்டிலே நீதிமன்ற வாசலில் ஆடியது என்று சொன்னால் தவறில்லை. ராயல் கல்லூரியில் படித்தார், சட்டக் கல்லூரியில் மாணவர் சங்கத் தலைவரானார், வழக்கறிஞரானார். 1979 மே மாதம் நீதித்துறையில் சேர்ந்தார். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் அந்நாட்டு அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தற்காலிகச் சட்டம் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள், 1982-ல் நிரந்தரமாக்கினார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கிக்கொள்ளலாம் என்று சொல்லுகிற சட்டம் அது. அப்படிப்பட்ட சட்டத்தின் நிழலில் ஒரு தமிழர் நீதிபதியாக வளர்கிறார். மட்டக்களப்பு, சாவகச்சேரி, மல்லாகம் என்று தமிழ்மண்ணில் வழக்குக் கேட்டார். 1988-ல் உயர்நீதிமன்றம், 1995-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2001-ல் உச்சநீதிமன்றம். உச்சநீதிமன்றத்தில் அவருக்கு அளித்த வரவேற்பிலேயே தமிழர் படும் பாட்டைப் பேசிவிட்டார். பட்டாடை போர்த்த வந்த கூட்டத்தில் முள்ளை எடுத்துக் காட்டியதுபோல் இருந்தது அது! 2004-ல் ஓய்வு பெற்றார். பிறகு ஒன்பதாண்டு அரசியல் வாசலை மிதித்தவரில்லை.

நீதிபதியின் வேலை எப்படிப்பட்டது என்பதை இங்கே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். உயர்ந்த மேடையில் உட்காருகிறார். "அமைதி!" என்று சேவகன் கூவுகிறான், அமைதி பிறக்கிறது. இரு தரப்பும் வந்து நிற்கிறது. அவர் தேடிப்போவதில்லை, வழக்குத்தான் அவரைத் தேடி வருகிறது. வாதி சொல்லட்டும், பிரதிவாதி சொல்லட்டும், இவர் கேட்பார், எழுதுவார், படிப்பார், எழுந்து போய்விடுவார். அதன்பிறகு ஊரில் நடப்பது அவர் கவலையல்ல. வீட்டை ஜப்தி செய்யச் சொல்லி எழுதினால் அமீனா போவான். ஆளைச் சிறையில் வைக்கச் சொன்னால் போலீஸ் வைக்கும். எதிராளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்று கெஞ்ச வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கெஞ்சினால்தான் குற்றம்! இருபத்தைந்து ஆண்டு இப்படி உட்கார்ந்து பழகிய ஒருவரை, எழுபத்து மூன்றாவது வயதில் எழுப்பி, "இனி நீங்கள்தான் எங்கள் தலைவர்" என்றார்கள்.

ஏன் எழுப்பினார்கள்? 2009-ல் போர் முடிந்தது. முடிந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் உயிர் என்பது உலகறியும். 1987-ல் ராஜீவும் ஜெயவர்த்தனேயும் செய்த உடன்படிக்கையின் பேறாக வந்த மாகாண சபைகள் நாடெங்கும் நடந்தன. வடக்கும் கிழக்கும் சேர்ந்த சபை 1988-ல் பிறந்து அற்பாயுளில் முடிந்தது. 2006-ல் அந்த இணைப்பே செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிந்த வடமாகாணத்துக்கு ஒரு தேர்தலும் நடக்காமலே கிடந்தது.

இந்த நேரத்தில் கொழும்பில் ஒரு கூத்து. 2012-ல் ராஜபக்சே அரசு 'திவிநெகும' என்றொரு மசோதாவைக் கொண்டுவந்தது. மாகாணங்களின் அதிகாரத்தைத் தொடுகிற மசோதா. எனவே மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். வடக்கில் சபையே இல்லையே, ஆளுநர் சம்மதித்தால் போதாதா? போதாது என்றும் சொல்லிவிட்டது. சொன்னதற்குப் பரிசு என்ன? தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க மீது நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு. 2013 ஜனவரியில் பதவி பறிப்பு! ஜனவரியில் ஒரு நீதிபதியை மேடையிலிருந்து இறக்கிய அதே நாட்டில், ஜூலையில் இன்னொரு நீதிபதியை மேடைக்கு அழைத்தார்கள் தமிழர்கள். உலகம் கவனிக்கும் என்ற எண்ணம். ஜெனிவாவில் பேசினால் எடுபடும், தில்லியில் பேசினால் எடுபடும், "இவரா பயங்கரவாதி?" என்று எவனும் கேட்கமாட்டான் என்ற கணக்கு. கணக்குப் போட்டவர் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன். கணக்கில் பிழை இருந்ததென்று நாம் சொல்லமாட்டோம். அந்த நேரத்துக்கு அது கூர்மையான கணக்கு.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டது. மாவை சேனாதிராஜா.

நம் தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும். அறுபதுகளில் வாலிபனாகத் தமிழரசுக் கட்சிக் கொடியைத் தூக்கியவர் மாவை. சிறைக் கதவு அவருக்குப் புதிதல்ல. உள்ளே போனார், வந்தார், மறுபடியும் போனார். தலைவர்கள் சுடப்பட்ட காலத்திலும் கட்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். வடக்கின் முதலமைச்சர் வேட்பாளர் யார் என்ற கேள்வி வந்தபோது தொண்டர்கள் வாயில் வந்த பெயர் அவருடையதுதான். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவன் ஒருவன், சுவரில் படமாக வருகிறவன் வேறொருவன் என்பது எல்லாக் கட்சியிலும் நடப்பதுதான், நமக்குப் புதிதா? என்றாலும் நெஞ்சு குறுகுறுக்கிறது. மாவை முறுக்கிக்கொண்டு போகவில்லை. விலகி வழிவிட்டார், நீதிபதிக்காக வீதியில் இறங்கினார்.

2013 செப்டம்பர் 21. வாக்கு நாள். இராணுவச் சாவடிகளைத் தாண்டிப் போய் மக்கள் வரிசையில் நின்றார்கள். 38 இடத்தில் 30 இடம் கூட்டமைப்புக்கு. நூற்றுக்கு 78 வாக்கு! அந்நாட்டு முறைப்படி வாக்காளர் முதலில் கட்சிக்குக் குத்தி, பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் தமக்குப் பிடித்தவர்களுக்கு விருப்பு வாக்கும் போடலாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் விக்னேஸ்வரனுக்கு விழுந்த விருப்பு வாக்கு 1,32,255. இரண்டாவதாக வந்தவர், போரின் கடைசி நாளில் சரணடைந்து காணாமற்போன ஒருவரின் மனைவியான அனந்தி சசிதரன், அவருக்கு 87,870. நீதி கேட்டு நின்ற பெண்ணும் நீதி சொல்லிப் பழகிய ஆணும் முதலிரண்டு இடத்தில்! அந்த மக்கள் எதற்காக வாக்களித்தார்கள் என்று ஆராய வேறு ஆவணம் தேவையில்லை.

பதவிப் பிரமாணம் யார் முன்னால் எடுப்பது? இங்கேயே முதல் சிக்கல். ராஜபக்சே முன்னால் போய், கொழும்பு அலரி மாளிகையில், அக்டோபர் 7-ல் உறுதிமொழி எடுத்தார். முள்ளிவாய்க்காலின் ஈரம் காயாத நெஞ்சங்கள் துடித்தன. கூட்டமைப்புக்குள்ளேயே முணுமுணுப்பு. நீதிபதிக்கு அதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டத்தில் இடமுண்டு, நல்லெண்ணத்துக்கு அடையாளம், அவ்வளவே. நம் பார்வையில் அது தவறல்ல. ஆனால் அந்தத் தாய்மார்களிடம் முன்கூட்டிப் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீதிபதி தீர்ப்புக்கு முன்னால் கருத்துக் கேட்கும் வழக்கம் கிடையாதே!

சரி, உட்கார்ந்தார். நாற்காலி எப்படிப்பட்டது? நாற்காலியைப் போட்டவர்களே அதன் காலை உருவி வைத்திருந்தார்கள். பதின்மூன்றாவது சட்டத்திருத்தத்தில் காணியும் போலீசும் மாகாணத்துக்கு என்று எழுதியிருக்கிறது. எழுதியது எழுதியபடியே இருக்கிறது, கொடுத்தவர் யாருமில்லை. நிர்வாக அதிகாரம் ஆளுநர் கையில். அந்த ஆளுநர் யார்? ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. யாழ்ப்பாணத்தில் படைத்தளபதியாக இருந்தவர். இராணுவக்காரர் வேண்டாம், சிவில் ஆள் ஒருவரைப் போடுங்கள் என்று கேட்டார்கள்; 2014-ல் அதே மனிதருக்கே பதவி நீட்டிப்பு. தலைமைச் செயலாளர் யார் சொல்லைக் கேட்க வேண்டும், முதலமைச்சர் சொல்லையா ஆளுநர் சொல்லையா என்ற தகராறு அதே ஆண்டு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. முதலமைச்சர் நிதி என்று ஒன்றை வைத்து அயலகத் தமிழரிடம் பணம் திரட்டலாமென்றால் அதற்கும் முட்டுக்கட்டை. பனை உச்சியில் பாளை சீவாமல், கலயம் கட்டாமல், அடியில் நின்று "பதநீர் இறங்குக!" என்று ஆணையிட்டால் இறங்குமா? ஏணியும் தளைநாரும் கொழும்பில் பூட்டிக்கிடந்தன.

இதை மறைத்துவிட்டு அவரை மட்டும் குறைசொல்வது நாணயமாகாது. வேறு யார் உட்கார்ந்திருந்தாலும், மாவை உட்கார்ந்திருந்தாலும், அந்தக் காலில்லாத நாற்காலிதான். இங்கே கோட்டையில் ஆளுநர்கள் கோப்பைப் பூட்டி வைத்தபோது நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அங்கே பூட்டு பத்து மடங்கு பெரிது.

செய்ய முடியாதபோது அவர் என்ன செய்தார்? தீர்ப்பெழுதினார்! சபையில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் நிறைவேறின. அவற்றில் ஒன்று வரலாற்றில் நிற்கும். 2015 பிப்ரவரி 10-ல் அவரே முன்மொழிந்து, அவரே விளக்கியுரைத்து, சபை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம்: தமிழருக்கு எதிராக நடந்தது இனப்படுகொலை. 1948 முதல் நடந்ததை வரிசையாக எடுத்துவைத்து, சாட்சியம் காட்டி, சட்டத்தின் சொல்லில் எழுதப்பட்ட ஏடு அது. ஒரு நீதிபதியின் கைதான் அதை எழுத முடியும். நாம் அவரை வாழ்த்துகிற இடம் இது. முழு மனதோடு வாழ்த்துகிறோம். கொழும்பு கொதித்தது. புதிதாக வந்திருந்த மைத்திரி–ரணில் அரசோடு இணக்கமாகப் போகப் பார்த்த கூட்டமைப்புத் தலைமைக்கும் முகம் சுருங்கியது.

ஆனால் தீர்ப்பு எழுதினால் போதுமா? தமிழர் வரலாற்றில் இரண்டு வழக்கை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இலங்கையில் கோடீஸ்வரன் என்றொரு அரசு ஊழியர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிங்களத் தேர்வு எழுத மறுத்தார். ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964-ல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்: அந்தச் சட்டமே செல்லாது என்றார் நீதிபதி, அவர் தமிழரல்லர். 1967-ல் உச்சநீதிமன்றம், அரசு ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கே போட முடியாது என்று சொல்லித் தீர்ப்பைக் கவிழ்த்தது. 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம், மூலக்கேள்வியைத் திரும்ப விசாரியுங்கள் என்றது. விசாரித்தார்களா? பிரிவி கவுன்சிலுக்குப் போகும் பாதையையே அடைத்தார்கள். 1972-ல் அரசியல் சட்டத்தையே மாற்றி, சிறுபான்மையினரைக் காத்துநின்ற 29-ஆம் பிரிவைத் தூக்கி எறிந்தார்கள். கோர்ட்டில் வென்ற தமிழன் நாட்டில் தோற்றான்.

இங்கே நடந்தது நேர் எதிர். வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாது என்று 1950-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. கோர்ட்டில் நாம் தோற்றோம். தெருவில் இறங்கினான் தமிழன். பெரியார் குரல் எழுந்தது, ஊர்தோறும் கூட்டம், கல்லூரிதோறும் கதவடைப்பு. ஜூன் மாதமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. கோர்ட்டில் தோற்றதை மக்கள் மன்றத்தில் மீட்டோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகன் இன்று பொறியியல் படிக்கிறான் என்றால் அதில் அந்தத் தெருவின் பங்கும் உண்டு. விக்னேஸ்வரனுக்கு இந்தப் பாடம் தெரியாததல்ல. 2014 நவம்பரில் சென்னைக்கு வந்து, மனித உரிமைக்காக வாதாடிய கண்ணபிரானின் நினைவுச் சொற்பொழிவில் பதின்மூன்றாவது திருத்தத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தார். பிரித்து வைத்ததைப் பூட்டி ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே? ஆளைச் சேர்க்கிற வித்தை வேறு வித்தை.

ஒரு சிறு விலகல். பகுத்தறிவாளன் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புதுக்கோட்டை நீதிமன்றம் 1997-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்த பிரேமானந்தா நினைவிருக்கிறதா? ஆசிரமத்துப் பெண்களைப் பாழாக்கியதற்கும் ஒரு கொலைக்கும் தண்டனை. உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. அந்தச் சாமியாரின் அடியார் நம் நீதிபதி! அதை அவர் மறைத்ததுமில்லை. சாமியார் 2011-ல் சிறைக் கைதியாகவே மாண்டபின், அவரோடு தண்டிக்கப்பட்டவர்களை விடுதலை செய்யக் கேட்டு, முதலமைச்சராக இருந்துகொண்டே இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாளெல்லாம் சாட்சியத்தை எடைபோட்ட தராசு, காவிக்கு முன்னால் ஏன் சாய்ந்தது? காணாமற்போனோரின் தாய்மார்கள் நீதிக்குக் காத்துக்கிடக்கிற மண்ணிலிருந்து அப்படி ஒரு கடிதம் கிளம்பியிருக்கவே கூடாது.

இனி விழுந்த கதைக்கு வருவோம். 2015 ஆகஸ்டில் நாடாளுமன்றத் தேர்தல். தம்மை உட்கார வைத்த கட்சிக்கு வாக்குக் கேட்டுப் போகாமல் ஒதுங்கி நின்றார். நடுநிலையாம்! நீதிபதிக்கு நடுநிலை அணிகலன், கட்சிக்காரனுக்கு? ஆண்டு முடிவில் தமிழ் மக்கள் பேரவை என்ற அமைப்பில் இணைத்தலைவரானார். 2016 செப்டம்பரில் 'எழுக தமிழ்' என்று யாழ்ப்பாணத்தில் மக்கள் திரண்டபோது முன்னால் நின்றார். திரண்டது பெருங்கூட்டம்; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவரை முதலமைச்சராக்கிய கட்சிக்குள் பிளவும் அன்றே திரண்டுவிட்டது.

2017-ல் வெடித்தது. அமைச்சர்கள் மீது ஊழல் புகார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் அடங்கிய குழுவை வைத்து விசாரித்தார். கேளுங்கள், தோழர்களே: முதலமைச்சரோடு சேர்த்து மொத்தமே ஐந்து பேர் கொண்ட அமைச்சரவை அது! நாலு அமைச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். இவரோ சபையில் எழுந்து தீர்ப்பு வாசித்தார். இருவர் பதவி விலக வேண்டும். குற்றம் நிரூபணமாகாத மற்ற இருவரும் விடுமுறையில் போக வேண்டும், மறு விசாரணை நடக்கும். ஒரே நாளில் அமைச்சரவை முழுவதும் கூண்டில்! நிரூபணமாகாதவனுக்கும் தண்டனையா என்று தமிழரசுக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். எந்த நீதிபதியும் விடை சொல்லத் தடுமாறுகிற கேள்வி. ஜூன் 14 இரவு ஆளுநரிடம் ஓடிப்போய் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொடுத்தார்கள். எந்த ஆளுநர் அதிகாரத்தை எதிர்த்து வாக்குக் கேட்டார்களோ, அதே ஆளுநரின் வாசலில்! வெட்கக்கேடு இரு தரப்புக்கும்தான்.

இளைஞர் கூட்டம் நீதிபதியின் வீட்டு வாசலில் திரண்டது. கடைகள் அடைத்தன. மதத் தலைவர்கள் இடைநின்று சமரசம் பேசினார்கள். தீர்மானம் திரும்பப் போயிற்று. நாற்காலி தப்பியது.

அதோடு விட்டாரா? ஆகஸ்டில் மீன்பிடி அமைச்சர் டெனீஸ்வரனை நீக்கினார். டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். அமைச்சரை நியமிப்பவர் ஆளுநர், எனவே நீக்கும் அதிகாரமும் ஆளுநருக்கே, முதலமைச்சருக்கு இல்லை என்ற வாதம் அங்கே எடுபட்டது. 2018 ஜூனில் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை. தடையை மதிக்கவில்லை என்று முதலமைச்சர் மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வேறு! 1995 முதல் 2001 வரை எந்த நீதிமன்றத்தின் மேடையில் அமர்ந்து தீர்ப்புச் சொன்னாரோ, அதே நீதிமன்றத்தில் எதிர்மனுதாரர் விக்னேஸ்வரன். சட்டம் கற்றவரே சட்டத்தில் இடறினார் என்று எதிரிகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழர் கேட்டது தன்னாட்சி. கிடைத்ததோ தன் அமைச்சரைத் தானே மாற்ற முடியாத ஆட்சி. அதை ஊருக்கு உரைக்கக் கிடைத்த வாய்ப்பு அந்த வழக்கு. அதைக் குடும்பச் சண்டையில் வீணடித்துவிட்டார்கள்.

2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. முடிகிற நேரத்திலேயே 'தமிழ் மக்கள் கூட்டணி' என்று தனிக்கட்சி அறிவித்தார். 2020 ஆகஸ்டில் மீன் சின்னத்தில் போட்டி. யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்கு 21,554. ஏழாண்டுக்கு முன்னால் 1,32,255! தேர்தல்கள் வெவ்வேறு வகை என்பது உண்மைதான். ஆனாலும் ஆறில் ஒரு பங்கு. அணிக்கு ஒரே இடம், அது அவர் இடம். பிரிந்ததில் கூட்டமைப்பாவது கொழுத்ததா? அதுவும் 16-லிருந்து 10-க்கு இறங்கிற்று. இரண்டு பேர் இழுத்ததில் கயிறு அறுந்தது. இடையில் வேறு கட்சிகள் புகுந்தன.

நாடாளுமன்றத்தில் முதல் பேச்சிலேயே, தமிழ் உலகின் மூத்த மொழி, அந்த மண்ணின் முதற்குடிகளின் மொழி என்று முழங்கினார். சிங்கள உறுப்பினர்கள் துள்ளினார்கள்; அவைக்குறிப்பிலிருந்து நீக்கு என்று கூச்சலிட்டார்கள். சபாநாயகர் நீக்க மறுத்தார். அந்தப் பேச்சு அங்கே அச்சில் இருக்கிறது. எண்பது வயதில் சிங்கத்தின் குகையில் நின்று அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

அங்கே இது முதல் கதையுமல்ல. சர் பொன்னம்பலம் அருணாசலம் என்றொரு தமிழர். வெள்ளையர் காலத்தில் இலங்கையின் பல ஊர்களில் நீதிபதியாக இருந்து, ஓய்வுக்குப் பின் அரசியலுக்கு வந்தவர். 1919-ல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். கொழும்பில் தமிழருக்கு ஓர் இடம் என்று கொடுத்த வாக்கைச் சிங்களத் தலைவர்கள் காற்றில் விட்டதும் வெளியேறினார். 1924-ல் நம் மதுரையில் உயிர் நீத்தார். வாக்குறுதியைப் பத்திரம்போல் நம்பினார். ஏமாந்தபோது அதை நிறைவேற்றிவைக்க அமீனா எவனுமில்லை.

இந்தியாவில் நீதிபதிகள் அரசியலில் இறங்கவில்லையா? இறங்கினார்கள். தலைமை நீதிபதி சுப்பாராவ் 1967-ல் பதவியை உதறி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார். இந்திரா அரசு 1973-ல் தம்மைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதியாக்கியதும் ராஜினாமா செய்த கே.எஸ். ஹெக்டே, 1977-ல் மக்களிடம் போய் வாக்குக் கேட்டு வென்று, மக்களவைச் சபாநாயகரானார். கிருஷ்ணய்யர் வழி தலைகீழ்: 1957-லேயே கேரளத்தில் அமைச்சர், பிறகுதான் நீதிபதி. அரசியலில் அடிபட்டு மேடைக்குப் போனதால் அவர் தீர்ப்பில் ஏழையின் மூச்சுக்காற்று கேட்டது. ரஞ்சன் கோகோய் 2019-ல் ஓய்வு, நாலே மாதத்தில் மாநிலங்களவை நியமனம்; அதைப் பற்றி எழுத நமக்கு மையைச் செலவழிக்க விருப்பமில்லை. நம் நீதிக்கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் நீதி. தோற்றுவித்த மூவரில் நடேசனாரும் நாயரும் மருத்துவர்கள், தியாகராயர் வணிகர். நாடி பிடித்தவர்களும் நாலு பேரோடு வியாபாரம் செய்தவர்களும் கட்டிய கட்சி அது.

கடைவீதியில் கேட்ட நண்பருக்கு நாம் சொல்வது இதுதான். நீதிபதி வரக்கூடாது என்பதில்லை. வரட்டும், ஹெக்டே போல மக்கள் வாசலுக்கு நடந்து வரட்டும். கட்சியில் சேர்ந்து, கிளைக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து, மாற்றுக் கருத்துக்காரனிடம் வசவு வாங்கி, அவனையே மறுநாள் தோளில் கைபோட்டு அழைத்து வந்து, பழகட்டும். மேலிருந்து இறக்கி வைத்தால் அவருக்கும் கேடு, கட்சிக்கும் கேடு. 2013-ல் அவரைக் கொண்டுவந்த தலைவர்கள் அந்தப் பழக்கத்துக்கு அவருக்கு ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை; ஜூலையில் பெயரை அறிவித்து, செப்டம்பரில் வாக்கு வாங்கி, அக்டோபரில் உட்கார வைத்துவிட்டார்கள். பழி முழுவதையும் அந்த முதியவர் தலையில் கட்டுவது நீதியாகாது.

2024 செப்டம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழருக்கென்று பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்றபோது விக்னேஸ்வரன் அவரை ஆதரித்தார். அவருக்கு விழுந்தது 2,26,343 வாக்கு. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தாம் போட்டியிடவில்லை என்று ஒதுங்கினார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு இடத்தில் மூன்றை வென்றது கொழும்பிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி. அவருடைய கட்சிக்கு ஓரிடமும் இல்லை. 2018 அக்டோபரில் காலம் முடிந்த வடமாகாண சபைக்கு 2024 முடியும்வரை மறுதேர்தலே நடத்தவில்லை. ஆளுநர்கள் மாறி மாறி வந்தார்கள், முதலமைச்சர் நாற்காலி ஆளில்லாமல் கிடந்தது. அழைத்து வந்த சம்பந்தன் 2024 ஜூனில் மறைந்தார். வழிவிட்ட மாவை சேனாதிராஜா 2025 ஜனவரி 29-ல் யாழ்ப்பாணத்தில் கண்மூடினார்.